கல்லூரிச் சேர்க்கை: முன்பணம் நீட்டுமுன் சான்றிதழைப் பாருங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து வணிகர்களுக்கு இரண்டு சீசன் ஒரே சமயத்தில் வந்து சேர்கிறது. ஒன்று மாங்காய் சீசன். மண்டி வாசலில் லாரி நிற்கும். பெங்களூரா ரகம் கூழ் ஆலைக்குப் போகும். கூலி, வாடகை, கமிஷன் என்று மொத்த வியாபாரிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. மற்றொன்று கல்லூரிச் சேர்க்கை சீசன். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்டு மாதம் வரை வீட்டில் வேறு பேச்சு இல்லை.

மாங்காய் விஷயத்தில் நம்மவர்கள் எளிதில் ஏமாறுவதில்லை. காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம், எடை போடுகிறோம், பக்கத்து மண்டியில் விலை விசாரிக்கிறோம், பிறகுதான் பணத்தை எடுக்கிறோம். அதே வணிகர் தம் பிள்ளையின் படிப்பு என்று வந்தால் தடுமாறிப் போகிறார். "இன்றைக்குள் கட்டினால்தான் சீட்டு, நாளைக்கு இருக்காது" என்று யாரோ ஒருவர் சொன்னதை நம்பி, கல்லாவில் இருந்ததையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து முன்பணமாகக் கொடுத்துவிடுகிறார். பல இடங்களில் சரியான ரசீது கூட இல்லை. பின்னர் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கும்போது கட்டிய பணமும் திரும்புவதில்லை, ஒப்படைத்த அசல் சான்றிதழும் உடனே கைக்கு வருவதில்லை.

கல்லூரிச் சேர்க்கையில் பணம் கடைசியாகப் பேச வேண்டிய சங்கதி. முதலில் சான்றிதழ், அடுத்து தரவரிசை, அதற்குப் பிறகே பணம். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் குடும்பம்தான் நஷ்டப்படுகிறது. மாநில எல்லையோரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதன் காரணத்தை முதலில் பார்ப்போம்.

எல்லைக்கு அப்பால் படிக்கும் பிள்ளை

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சரக்கு லாரிகளுக்கு வணிகவரிச் சோதனைச் சாவடி கிடையாது. ஆனால் மாணவர்களுக்கு ஒரு சோதனைச் சாவடி இன்றும் இருக்கிறது. அது சேர்க்கை விதிகளில் இருப்பதால் பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் பகுதியில் நடப்பது இதுதான். பத்தாம் வகுப்பு வரை ஓசூரிலோ, பாகலூரிலோ, தளியிலோ படித்த பிள்ளையை, "பெங்களூரு பக்கம் படித்தால் நல்லது" என்று எண்ணி அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கத்தில் இரண்டு ஆண்டு பி.யூ.சி.யில் சேர்த்துவிடுகிறோம். படிப்பு நன்றாகவே நடக்கலாம். சிக்கல் பி.யூ.சி. முடிந்த பிறகு வருகிறது.

கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டுப் பொறியியல் இடங்களுக்கு அந்த மாநிலத் தேர்வு ஆணையம் நடத்தும் கே.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான பொதுவான தகுதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரையிலான காலத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது. இரண்டு ஆண்டு பி.யூ.சி. மட்டும் படித்த ஓசூர்ப் பிள்ளை இந்தக் கணக்கில் தேறுவதில்லை. கன்னடம், துளு, குடகு மொழி பேசும் வெளிமாநிலக் குடும்பங்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அதற்கும் உரிய சான்றுகள் வேண்டும், கன்னட மொழித் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட மொழிக் குடும்பங்கள் அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு எஞ்சுவது தனியார் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வும், நிர்வாக ஒதுக்கீடும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும்தான். அங்கே கட்டணம் பெரும்பாலும் லட்சக் கணக்கில் பேசப்படும்.

சரி, தமிழ்நாட்டுக்குத் திரும்பலாம் என்றால் இங்கேயும் ஒரு கேள்வி கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில், 8-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடம் பற்றிக் கேள்வி இல்லை. இந்த ஐந்து ஆண்டில் ஒரே ஒரு ஆண்டு வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்தான் என்று காட்டும் பிறப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி சான்றிதழ் கொடுக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

வேறு பாடத்திட்டத்தில் எடுத்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு பாடத்திலும் அந்த வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டு வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணுக்குச் சமமாக்கி, மற்ற மதிப்பெண்களையும் அந்த விகிதத்தில் கணக்கிடுவார்கள்.

ஆகவே, பி.யூ.சி.க்கு அனுப்புவது தவறு என்று சொல்ல வரவில்லை. அங்கே இரண்டு ஆண்டு படித்தால் அந்த மாநிலத்தில் வெளியூர்க்காரராகவும், சொந்த மாநிலத்தில் சான்று காட்ட வேண்டியவராகவும் ஆகிவிடலாம் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். கல்லூரிச் சேர்க்கை பற்றிய முதல் முடிவு பிளஸ் டூ முடிவு நாளில் எடுக்கப்படுவதல்ல. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம் என்பதிலேயே அது பாதி முடிந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. வெளிமாநிலத்திலிருந்து வந்து ஓசூரில் கடை நடத்தும் குடும்பங்கள் நம் சங்கங்களில் பல. அவர்கள் பிள்ளைகள் 8 முதல் 12 வரை இங்கேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுப் பிரிவில் மட்டுமே கருதப்படுவார்கள். பிற மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

60,000 ரூபாய் வழக்கு

எல்லை தாண்டினால் கட்டணம் மாறுவது புதிய விஷயமல்ல. கர்நாடக அரசு 1989 ஜூன் 5-ஆம் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு ரூ.2,000, மற்ற இடங்களில் கர்நாடக மாணவருக்கு ரூ.25,000, வெளிமாநில மாணவருக்கு ரூ.60,000 வரை வாங்கலாம். தும்கூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய மீரட் நகர மாணவி மோகினி ஜெயின், இந்த 60,000 ரூபாயைக் கட்ட முடியாமல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1992 ஜூலை 30-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கல்விக்கு நன்கொடை வாங்குவது செல்லாது, அந்த 60,000 ரூபாய் கட்டணமும் நன்கொடையே என்று நீதிமன்றம் கூறியது.

வழக்கில் அவர் வென்றார். ஆனால் அவருக்கு அந்தக் கல்லூரியில் இடம் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. வகுப்புகள் 1991-லேயே தொடங்கிவிட்டன, அவர் தகுதி அடிப்படையில் தேர்வானவரும் அல்ல என்பது காரணம். பின்னர் நியாயம் கிடைக்கலாம், போன பருவம் திரும்பாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அதே 1992-இல் தமிழ்நாடும் கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளைத் தொடர்ந்து கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. ஆகவே கட்டணம் என்பது மண்டி விலை மாதிரி கேட்டுப் பேரம் பேசுவதல்ல. குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு அறியும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் சேர்க்க வேண்டிய சரக்கு

தீபாவளிச் சரக்கை யாரும் தீபாவளிக்கு முந்தின நாள் கொள்முதல் செய்வதில்லை. சான்றிதழ்களும் அப்படித்தான். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு கோப்பு தயார் செய்துவிட வேண்டும். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். மே, ஜூன் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதமாகும்.

சாதிச் சான்றிதழ்: தமிழ்நாட்டில் கல்வி இட ஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் அருந்ததியர் உட்பட 18, பழங்குடியினர் 1. சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளை பொதுப் பிரிவில் போட்டியிட நேரும். ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு வேறு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ்: பெற்றோர், இருபுறத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவரும் பட்டதாரி இல்லை என்றால் இது கிடைக்கும். 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய இந்தச் சலுகையில் கல்விக் கட்டணத்தில் அரசு தள்ளுபடி தருகிறது. வருமான வரம்பு இதற்குக் கிடையாது. ஆகவே, "நமக்குக் கடை இருக்கிறது, கொடுக்க மாட்டார்கள்" என்று விட்டுவிட வேண்டாம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும்.

வருமானச் சான்றிதழ்: கல்வி உதவித்தொகைக்கும் கடன் வட்டி மானியத்துக்கும் தேவைப்படும். வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகைக்கும் வட்டாட்சியரிடம் சொல்லும் தொகைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இரண்டையும் வங்கி மேலாளர் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பார்.

பெயரும் இனிஷியலும்: மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தகப்பனார் பெயர் பின்னால் முழுப் பெயராகவும், இங்கே முன்னால் இனிஷியலாகவும் இருக்கும். இதைத் திருத்த வாரக் கணக்கில் ஆகலாம்.

அரசுப் பள்ளிப் படிப்பு: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. நடுவில் ஒரு ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் இந்த உரிமை போய்விடும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் பெருமைக்காகப் பள்ளி மாற்றுமுன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கட்-ஆஃப் கணக்கு

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கியது. இப்போது பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. கணக்கு நம் கடைக் கணக்கைவிட எளிது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 84 வாங்கிய பிள்ளைக்கு 82, 38, 42 கூட்டினால் 162. மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று ஊரார் கேட்பார்கள். கலந்தாய்வு கேட்பது இந்த 162-ஐத்தான்.

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை நீண்ட காலம் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2018-இல் அது இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொறுப்புக்கு வந்தது. சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு. உதாரணத்துக்கு, 2025-இல் விண்ணப்பப் பதிவு மே 7 முதல் ஜூன் 6 வரை நடந்தது, தரவரிசைப் பட்டியல் ஜூன் 27-இல் வெளியானது. நம் மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும் அதே நாட்கள். ஆகவே பதிவு வேலையைப் பிள்ளையிடமும் தாயாரிடமும் ஒப்படைத்து, தேதிகளைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

விருப்பப் பட்டியல் போடும்போது நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று. "இது கிடைக்காது" என்று எண்ணி நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடியதை முதலில் போடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பம் காலியாக இல்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. மேலே பெரிய விருப்பத்தைப் போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. எனவே உண்மையான ஆசைப்படி வரிசையிடுங்கள், எண்ணிக்கையையும் தாராளமாகப் போடுங்கள். முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய ஓரிரு நாளே அவகாசம் தருவார்கள். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம். ஒன்றையும் தேர்வு செய்யாமல் இருந்தால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும். அந்த இரண்டு நாளில் ஒருவர் செல்போனும் கையுமாக வீட்டில் இருக்க வேண்டும்.

நிர்வாக ஒதுக்கீடு: அவசரத்தின் விலை

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் 65 சதவீதத்தை அரசுக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். மீதிதான் நிர்வாக ஒதுக்கீடு. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு விதித்த ஆண்டுக் கட்டணத்தைப் பாருங்கள். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் கலந்தாய்வு இடத்துக்கு ரூ.55,000, நிர்வாக இடத்துக்கு ரூ.87,000. வித்தியாசம் ஆண்டுக்கு ரூ.32,000. நான்கு ஆண்டுக்கு ரூ.1,28,000. முதல் பட்டதாரிச் சலுகை போவதையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். குழு நிர்ணயம் காலத்துக்குக் காலம் மாறும், ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் இப்படித்தான் இருக்கும். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே ஆசிரியர். முன்கூட்டிப் பணம் கட்டியதற்காக மட்டும் நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

இடம் தீர்ந்துவிடும் என்ற பயமும் பெரும்பாலும் வீண். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பின்னும் பல கல்லூரிகளில் இடங்கள் காலியாக நிற்பது வழக்கம். சில பெரிய கல்லூரிகளிலும் சில பாடப்பிரிவுகளிலும் மட்டுமே நெருக்கடி.

எப்படியும் தனியாரிடம் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் மூன்று விஷயங்களை விடாதீர்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கு வங்கி வழியாகவே கட்டுங்கள், தரகர் கையில் கொடுக்காதீர்கள். ரசீதில் எந்த இனத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சரிபார்த்ததும் திரும்பப் பெறுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் விதித்த விதி இந்த விஷயத்தில் நமக்குத் துணை. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும், செயல்முறைச் செலவுக்கு 5 சதவீதம் வரை, அதுவும் ரூ.5,000-க்கு மிகாமல் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80, அடுத்த 15 நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரசீது இல்லாதவர் இந்த விதியைக் காட்டி ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது.

நம் மாவட்டத்திலேயே இருப்பவை

தூரத்துக் கல்லூரிதான் நல்ல கல்லூரி என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. 1994-இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே சேர நீட் தேர்வு கட்டாயம் என்பது வேறு விஷயம். கிருஷ்ணகிரியில் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனியே அரசு கலைக் கல்லூரிகள், அரசு பாலிடெக்னிக், ஓசூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி ஆகியவை உள்ளன. ஓசூரில் 1980-களிலிருந்தே தனியார் பொறியியல் கல்லூரியும் உண்டு.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. அடிப்படைத் தேர்வும் எழுதலாம். ஜி.எஸ்.டி. கணக்குக்கு நாம் மாதந்தோறும் யாரையோ தேடிப் போகிறோம். அந்த வேலையைத் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே இருந்தால் என்ன நஷ்டம்?

பத்தாம் வகுப்போடு எந்திர வேலையில் நாட்டம் காட்டும் பிள்ளைக்கு பாலிடெக்னிக் நல்ல வழி. மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1970-களில் சிப்காட் வந்த நாளிலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் தேவைப்பட்டே வருகிறார்கள். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு, அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் நடக்கிறது. அந்தப் பிள்ளையைக் கடையில் உட்கார வைத்துக் குத்திக் காட்டுவதை விட அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுவது மேல்.

எந்தக் கல்லூரியானாலும் விளம்பரத்தை நம்பாமல் வேலை நாளில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா, இறுதியாண்டு மாணவர் என்ன சொல்கிறார் என்று விசாரியுங்கள். சாம்பிள் பார்க்காமல் ஒரு மூட்டை பருப்பு கூட வாங்காத நாம் நான்கு ஆண்டுப் படிப்பைப் பார்க்காமல் வாங்கலாமா?

பணத்துக்கு வழி

கட்டணம் கட்டும் ஜூலை, ஆகஸ்டு ஆடி மாதத்தை ஒட்டி வருவதால் பல கடைகளில் கையிருப்பு குறைவாக இருக்கும். அப்போது தினவட்டிக்கோ மீட்டர் வட்டிக்கோ போகிறவர்கள் உண்டு. அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அந்தக் கடன் படிப்பை மட்டுமல்ல, கடையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

வங்கிக் கல்விக் கடனில் பொதுவாக ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. 2015-இல் வந்த கடன் உத்தரவாத நிதியின் கீழ் ரூ.7.5 லட்சம் வரை ஈடின்றித் தர வழியுண்டு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான படிப்புகளுக்கு அந்தக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு மானியமாக ஏற்கும் திட்டம் ஒன்றும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்காக 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி திட்டம் ஒப்புதல் பெற்றது. கட்டிய வட்டிக்கு வருமான வரியில் 80-இ பிரிவின் கீழ் கழிவு வந்தது பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்குத்தான். எதைத் தேர்வது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வங்கி முதலில் கேட்பது கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையையும் கட்டண விவரத்தையும்தான். தரகர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுக்கு எந்த மேலாளரும் கடன் தர மாட்டார். இங்கேயும் வரிசை அதுவேதான். சான்றிதழ் இருந்தால் இடம், இடம் இருந்தால் கடன்.

சங்கம் செய்யக்கூடியது

மளிகைக் கடைக்காரர்களில் பலர் பிளஸ் டூவைத் தாண்டாதவர்கள். அவர்கள் வீட்டில் விண்ணப்பம் நிரப்பும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லாததால்தான் தரகர் சொல் வேதவாக்காகிவிடுகிறது. நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உறுப்பினர் வீட்டுப் பிளஸ் டூ மாணவர்களையும் பெற்றோரையும் அழைத்து, சான்றிதழ் பட்டியலைப் படித்துக் காட்டினால் போதும். சென்ற ஆண்டு கலந்தாய்வில் சேர்ந்த நான்கு பிள்ளைகள் வந்து அனுபவத்தைச் சொன்னால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு டீயும் பிஸ்கட்டும்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பெண் இருந்தும், "அவ்வளவு தூரம் எதற்கு" என்று விருப்பப் பட்டியலில் வெளியூர்க் கல்லூரிகளை எல்லாம் அடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பட்டியலை அந்தப் பெண்ணே போடட்டும். விடுதி எப்படி, பஸ் எப்படி என்று விசாரிப்பது தகப்பன் வேலை.

கடையை யார் பார்ப்பது என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. படித்த பிள்ளை கடைக்கு வரலாம், வராமலும் போகலாம். அது நாலு ஆண்டு கழித்துப் பேச வேண்டியது. இப்போது செய்ய வேண்டியது, அடுத்த வாரம் ஒருநாள் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து, பிள்ளையோடு உட்கார்ந்து, பீரோவிலிருக்கும் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்து, இல்லாதவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பதுதான்.